யாருக்காக எழுதினார்கள்? இந்திய ஆங்கில இலக்கியம் வந்த வழி

1794-இல் அயர்லாந்தின் கார்க் நகரில் ஒரு பயண நூல் அச்சாயிற்று. எழுதியவர் தீன் முகமது. பாட்னாவில் பிறந்து, இளம் வயதிலேயே கிழக்கிந்தியக் கம்பெனிப் படையோடு சேர்ந்து வட இந்தியாவில் ஊர் ஊராகச் சுற்றி, 1784-இல் அயர்லாந்தில் குடியேறியவர். இந்தியர் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்ட முதல் நூலாக வரலாற்றாளர்கள் இதையே குறிப்பிடுகிறார்கள். நூல் முழுவதும் கடிதங்கள். ஐரோப்பிய நண்பர் ஒருவருக்குத் தம் நாட்டின் நகரங்களையும் சடங்குகளையும் படை வாழ்க்கையையும் ஆசிரியர் விளக்கிச் சொல்வதாக அமைந்தவை.

அந்த நண்பர் இந்த இலக்கியத்தை நெடுங்காலம் விட்டுப் போகவில்லை. தமிழிலோ வங்காளியிலோ எழுதுகிறவர் தம் வாசகரைத் தேட வேண்டியதில்லை; அவர் அதே ஊரில், அதே வழக்குகளோடு வாழ்கிறார். ஆங்கிலத்தில் எழுதிய இந்தியருக்கு அந்த உறுதி இல்லை. படிக்கப்போவது லண்டனில் இருப்பவரா, கல்கத்தாவில் ஆட்சி செய்பவரா, பம்பாயில் கல்லூரிக்குப் போகிறவரா என்பதை ஒவ்வொரு தலைமுறையும் முடிவு செய்ய வேண்டியிருந்தது. எதை விளக்குவது, எதை விளக்காமல் விடுவது, கதைமாந்தரை எப்படிப் பேசவைப்பது என்பவையெல்லாம் அந்த முடிவைச் சார்ந்தே நின்றன. ஆசிரியர்களையும் பரிசுகளையும் வரிசையாகச் சொல்லிப் போவதைவிட, யாரை முன்னிறுத்தி எழுதினார்கள் என்று பார்ப்பதே இந்த வரலாற்றைத் தெளிவாகக் காட்டும் என்று கருதுகிறேன். அப்படிப் பார்த்தால், அயல்நாட்டு வாசகரை நோக்கித் தொடங்கிய ஓர் எழுத்து மெல்லமெல்ல உள்நாட்டு வாசகரைக் கண்டடைந்த கதையாக அது விரிகிறது.

ஆட்சியாளரின் மொழி

ஆங்கிலக் கல்வியை வலியுறுத்திய மெக்காலேயின் குறிப்பு வெளிவந்த 1835-ஆம் ஆண்டைத் தொடக்கமாகச் சொல்வது வழக்கம். ஆனால் அதற்கு முன்பே இந்தியர்கள் ஆங்கிலத்தைத் தம் தேவைக்காகக் கைக்கொண்டுவிட்டார்கள். ராஜாராம் மோகன் ராய் சதி வழக்கத்துக்கு எதிராக 1818 முதல் ஆங்கிலத்திலும் எழுதினார். சமஸ்கிருதக் கல்லூரிக்குச் செலவிடும் பணத்தைக் கணிதமும் இயற்கை அறிவியலும் கற்பிக்கச் செலவிடுங்கள் என்று 1823-இல் தலைமை ஆளுநர் ஆம்ஹர்ஸ்டுக்குக் கடிதம் எழுதினார். கல்கத்தா இந்துக் கல்லூரி 1817-இலேயே தொடங்கப்பட்டிருந்தது. மெக்காலே செய்தது, ஏற்கெனவே எழுந்திருந்த விருப்பத்தை அரசின் கொள்கையாக்கியது; அதனோடு இந்திய மொழிகளின் அறிவுச் செல்வத்தை இழிவாகப் பேசும் ஆணவத்தையும் சேர்த்தது.

இந்துக் கல்லூரியின் ஆசிரியர் ஹென்றி டெரோசியோ போர்த்துக்கீசிய வழித்தோன்றல். 1828-இல் தம் நெடுங்கவிதை நூலை வெளியிட்டார். இந்தியாவைத் தாய்நாடாக விளித்து ஆங்கிலத்தில் பாடிய முதல்வர்களில் ஒருவர். மாணவர்களைக் கேள்வி கேட்கத் தூண்டினார் என்பதற்காகவே 1831-இல் கல்லூரியிலிருந்து வெளியேற்றப்பட்டு, அதே ஆண்டு 22 வயதில் காலராவில் இறந்தார். அக்கல்லூரி மாணவர் கைலாஷ் சந்திர தத் 1835-இல் எழுதிய சிறுகதை, 1945-இல் இந்தியர்கள் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக ஆயுதமேந்துவதாகக் கற்பனை செய்கிறது. குமாஸ்தாக்களை உருவாக்குவதற்காகக் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் ஒரு கல்வி, மெக்காலேயின் குறிப்பு வெளிவந்த அதே ஆண்டில் கலகத்தைக் கற்பனை செய்யவும் பயன்பட்டுவிட்டது.

இந்த முதல் தலைமுறையில் இருவர் எடுத்த முடிவு மிகவும் கவனிக்கத்தக்கது. மைக்கேல் மதுசூதன் தத் ஆங்கிலக் கவிஞராகப் புகழ்பெற வேண்டும் என்ற தீராத ஆசையோடு 1848-இல் சென்னைக்கு வந்தார். பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டும் பத்திரிகைகளில் எழுதிக்கொண்டும் ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் இங்கே வாழ்ந்தார். 1849-இல் ‘தி கேப்டிவ் லேடி’ சென்னையில்தான் வெளியாயிற்று. அதைப் படித்த ஆங்கில அதிகாரி டிரிங்க்வாட்டர் பெத்யூன், இந்த ஆற்றலைத் தாய்மொழிக்குக் கொடுங்கள் என்று அறிவுரை சொல்லியனுப்பினார். கல்கத்தா திரும்பிய மதுசூதன் 1861-இல் ‘மேகநாதவத காவியம்’ படைத்து நவீன வங்காளக் கவிதையின் தலைமகனானார். பங்கிம் சந்திரரின் முதல் நாவலும் ஆங்கிலத்தில்தான் எழுதப்பட்டது. ‘ராஜ்மோகன்ஸ் ஒய்ஃப்’ 1864-இல் தொடராக வந்தது. மறு ஆண்டே ‘துர்கேசநந்தினி’யோடு வங்காளிக்குத் திரும்பியவர், பின்னர் ஆங்கிலத்தில் நாவல் எழுதவேயில்லை.

திறமைக் குறைவு இதற்குக் காரணமாக இருக்க முடியாது, இருவருமே மேதைகள். ஆங்கிலத்தில் அவர்களுக்கு ஒரு வாசகச் சமூகம் இருக்கவில்லை என்பதே காரணம். ஆங்கிலேயருக்கு இவர்களுடைய எழுத்து ஒரு புதுமைப் பொருள். ஆங்கிலம் கற்ற இந்தியர்களோ கைவிரலில் எண்ணத்தக்கவர்கள். வாசகர்கள் இருந்த மொழிக்கு அவர்கள் போனார்கள்.

தோரு தத்துக்கு அந்தத் தேர்வுக்கே காலம் வாய்க்கவில்லை. பிரான்ஸிலும் கேம்பிரிட்ஜிலும் படித்துவிட்டுக் கல்கத்தா திரும்பி, சமஸ்கிருதம் கற்று, சாவித்திரி, துருவன், சீதை கதைகளை ஆங்கிலக் கவிதைகளாக எழுதத் தொடங்கியவர், 1877-இல் 21 வயதில் மறைந்தார். அந்தக் கவிதைகள் 1882-இல் லண்டனில் வெளிவந்தன. பிரெஞ்சிலிருந்து மொழிபெயர்ப்பதில் தொடங்கிய அவர் புராணக் கதைகளுக்கு வந்து சேர்ந்தது, பின்வந்த பலருடைய பயணத்துக்கு முன்மாதிரி.

சென்னையிலிருந்து எழுந்த குரல்கள்

வங்காளத்தோடு நிறுத்திக்கொள்ளும் வரலாறுகள் சென்னையின் பங்கைக் குறைத்தே மதிப்பிடுகின்றன. 1857-இல் கல்கத்தா, பம்பாய் பல்கலைக்கழகங்களோடு சென்னைப் பல்கலைக்கழகமும் பிறந்தது. கல்லூரி இதழ்களும் நாளிதழ்களும் ஆங்கிலம் படித்த ஒரு சிறு வாசகர் வட்டத்தை இங்கே உருவாக்கின.

கிருபாபாய் சத்தியநாதன் அகமத்நகரில் மராத்தியக் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, 1878-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் படிக்க வந்தவர். உடல்நலக் குறைவால் படிப்பு நின்றது. அவருடைய தன்வரலாற்று நாவலான ‘சகுணா’ 1887-88-இல் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி இதழில் தொடராக வந்தது. அடுத்து எழுதிய ‘கமலா’ சிறுவயதில் மணமுடிக்கப்பட்ட இந்துப் பெண்ணின் மனத்தை உள்ளிருந்து காட்டுகிறது. 1894-இல் 32 வயதில் அவர் இறந்தார். அதே காலத்தில் பண்டித ரமாபாய் 1887-இல் அமெரிக்காவில் வெளியிட்ட ‘தி ஹை காஸ்ட் ஹிந்து உமன்’ என்னும் நூல் மேற்கத்திய வாசகரின் மனச்சாட்சியிடம் நேராகப் பேசி, விதவைகளுக்கான பள்ளிக்கு நிதி திரட்டித் தந்தது. கிருபாபாயின் நாவல்களோ முதலில் சென்னை வாசகர்களிடம் பேசின. கல்விக்காகவும் சுயமதிப்புக்காகவும் ஏங்கும் ஒரு பெண்ணை மையமாக வைத்து, அவளைக் கண்காட்சிப் பொருளாக்காமல் எழுதியது அவருடைய பெருஞ்சாதனை.

அ. மாதவையாவைத் தமிழ் நாவலின் முன்னோடிகளில் ஒருவராக அறிவோம். ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அவரே 1903-இல் ‘தில்லை கோவிந்தன்’ என்ற ஆங்கில நாவலைப் புனைபெயரில் வெளியிட்டார். திருநெல்வேலிக் கிராமத்துப் பிராமண இளைஞன் ஒருவன் ஆங்கிலக் கல்வியால் அடையும் விழிப்பும், அதனால் தன் மண்ணிலிருந்து விலகும் வேதனையும் அதில் ஒருசேர இருக்கின்றன. 1915-இல் வந்த ‘கிளாரிந்தா’, பாளையங்கோட்டையில் தேவாலயம் கட்டிய 18-ஆம் நூற்றாண்டுப் பிராமண விதவையைப் பற்றிய வரலாற்று நாவல். மாதவையாவிடம் ஆங்கிலமும் தமிழும் ஒரே சீர்திருத்தப் பணியின் இரு கைகளாக இயங்கின. இவரைப் போலவே கா. சி. வேங்கடரமணி 1927-இல் ‘முருகன் தி டில்லர்’, பின்னர் ‘கந்தன் தி பேட்ரியட்’ என்று எழுதி, அவற்றைத் தமிழுக்கும் கொண்டுவந்தார். தமிழ்ப் பத்திரிகையும் நடத்தினார்.

இருமொழியிலும் இயங்கிய இந்த எழுத்தாளர்களை, ஆங்கில இலக்கிய வரலாறு தொடக்கநிலை முயற்சிகள் என்று ஒதுக்கியது. தமிழ் இலக்கிய வரலாறு ஆங்கில எழுத்து என்று ஒதுக்கியது. இரண்டுக்கும் நடுவே விடுபட்டுப் போன இவர்கள்தாம், மொழிகளுக்கு இடையே இன்று நாம் எதிர்பார்க்கும் உறவை அன்றே வாழ்ந்து காட்டியவர்கள்.

கவிதையில் இக்காலம் வேறு திசையில் சென்றது. சரோஜினி நாயுடுவின் முதல் தொகுப்பு 1905-இல் லண்டனில் வெளிவந்தது. ஆங்கிலப் பறவைகளையும் மலர்களையும் விட்டுவிட்டு இந்தியாவைப் பாடும்படி விமர்சகர் எட்மண்ட் காஸ் அவருக்குச் சொன்னார். அவர் பாடிய பல்லக்குத் தூக்கிகளும் வளையல் வியாபாரிகளும் லண்டன் வாசகர் காண விரும்பிய வண்ணங்களில் இருந்தார்கள். ஓசையழகு நிறைந்த அக்கவிதைகளின் எல்லையும் அதுவே. தாகூர் தாமே ஆங்கிலமாக்கிய ‘கீதாஞ்சலி’ 1912-இல் வெளிவந்து, மறு ஆண்டு நோபல் பரிசு பெற்றது. வங்காளியின் யாப்பும் விளையாட்டும் உதிர்ந்து ஒரே குரலாக ஒலித்த அந்த ஆங்கில உரைநடைக் கவிதைகளால், இந்திய இலக்கியம் என்றாலே ஆன்மிகம் என்ற எதிர்பார்ப்பு மேற்கில் வேரூன்றியது.

முப்பதுகளின் மூன்று வழிகள்

1935-இல் முல்க் ராஜ் ஆனந்தின் ‘அன்டச்சபிள்’, அதே ஆண்டு ஆர். கே. நாராயணின் ‘சுவாமி அண்ட் ஃபிரெண்ட்ஸ்’, 1938-இல் ராஜா ராவின் ‘காந்தபுரா’. இந்திய ஆங்கில நாவல் உறுதியாகக் காலூன்றியது இந்த நான்கே ஆண்டுகளில்தான். மூன்றும் அச்சானது லண்டனில். ஆனால் மூன்றும் பேசிய பொருள் காந்தியக் கால இந்தியா.

மூவரும் சந்தித்த சிக்கல் ஒன்று. ஆங்கிலமே தெரியாத மனிதர்களை ஆங்கிலத்தில் எப்படிப் பேசவைப்பது? தமிழ் நாவலாசிரியருக்கு வட்டார வழக்கு கைகொடுக்கிறது. ஒரு தொழிலாளியும் பண்ணையாரும் பேசும் வேறுபாடு வாயைத் திறந்ததுமே தெரிந்துவிடும். இந்திய ஆங்கிலத்தில் அத்தகைய அடுக்குகள் இல்லை. அதனால் சாதி, ஊர், வயது ஆகியவற்றின் தடயங்கள் உரையாடலிலிருந்து மறைந்துவிடும் ஆபத்து எப்போதும் இருந்தது.

ஆனந்த் பஞ்சாபி வசவுகளையும் விளிகளையும் அப்படியே பெயர்த்து வைத்தார். பாக்கா என்ற துப்புரவுத் தொழிலாளியின் ஒரே ஒரு நாள்தான் நாவல். தவறுதலாக ஒருவரைத் தொட்டுவிட்டதற்காகத் தெருவில் அவன் அவமானப்படும் காட்சி, தீண்டாமை மனித உடலுக்குச் செய்வதைச் சொல்கிறது. 19 பதிப்பாளர்கள் மறுத்த பிறகு, ஈ. எம். ஃபாஸ்டரின் முன்னுரையோடு அது வெளிவந்தது. ஆனந்தின் மொழி சில இடங்களில் செயற்கையாக இருக்கிறது. ஆனால் அதுவரை எந்த இந்திய ஆங்கில எழுத்தும் மையத்துக்குக் கொண்டுவராத மனிதரைக் கொண்டுவந்தது அது.

நாராயண் எதிர்வழியில் போனார். சென்னையில் பிறந்து மைசூரில் வாழ்ந்த அவர், உச்சரிப்பு வேறுபாடுகளைக் காட்ட முயலவேயில்லை. எளிய, ஆரவாரமில்லாத ஆங்கிலத்தில் மால்குடி என்ற ஊரைக் கட்டினார். பதிப்பாளர் கிடைக்காமல் அலைந்த முதல் நாவலின் கையெழுத்துப்படி, ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த நண்பர் வழியாக கிரஹாம் கிரீன் கைக்குப் போய்ச் சேர்ந்ததால்தான் அச்சேறியது. நாராயணிடம் விளக்கங்கள் குறைவு. ஒரு குடும்பத்தின் கூடமும் திண்ணையும் உலகத்துக்கு இயல்பாகவே புரியும் என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கை அவருக்குத் தன்மானத்தையும் நிதானத்தையும் கொடுத்தது. மால்குடியின் விளிம்பில் வாழ்பவர்கள் மையத்துக்கு வராமலே போனது அதே நிதானத்தின் குறை.

ராஜா ராவ் மூன்றாவது வழியைத் தேர்ந்தார். கன்னட நாட்டுக் கிராமத்தில் சத்தியாகிரகம் பரவிய கதையை அச்சக்கா என்ற பாட்டியின் வாயால் சொல்லவைத்தார். ‘அப்புறம்’, ‘அப்புறம்’ என்று மூச்சுவிடாமல் நீளும் புராணக் கதைசொல்லலின் நடையை ஆங்கில வாக்கியத்துக்குள் கொண்டுவந்தார். அந்நிய மொழியில் நம் உயிர்த்துடிப்பைச் சொல்ல வேண்டிய கடமையைப் பற்றி அந்நாவலுக்கு அவர் எழுதிய சிறு முன்னுரை, இந்திய ஆங்கில இலக்கியத்தின் கொள்கை அறிக்கையாகவே இன்றும் கற்பிக்கப்படுகிறது. பின்னால் வந்த ஒவ்வொரு முக்கிய நாவலாசிரியரும் இந்த மூன்று வழிகளில் ஒன்றையோ அவற்றின் கலவையையோதான் எடுத்துக்கொண்டார்.

1940-இல் அகமது அலி ‘ட்வைலைட் இன் டெல்லி’யில் உருதுப் பண்பாட்டின் மறைவைப் பாடினார். ஜி. வி. தேசானி 1948-இல் ‘ஆல் அபவுட் எச். ஹேட்டர்’ நாவலில் ஆங்கிலத்தையே உருக்கிக் குழைத்தார். குஷ்வந்த் சிங்கின் ‘டிரெய்ன் டு பாகிஸ்தான்’ 1956-இல் பிரிவினையின் கொடூரத்தை ஒரு பஞ்சாபிக் கிராமத்தில் நிறுத்திக் காட்டியது.

விடுதலைக்குப் பிறகு: உரிமைக்கான வாதம்

ஆட்சியாளர் போன பிறகு அவர்கள் மொழியில் ஏன் எழுத வேண்டும்? இந்தக் கேள்வி 1947-க்குப் பின் கூர்மையாக எழுந்தது. அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் ஆங்கிலம் இல்லை. ஆனால் 1954-இல் தொடங்கப்பட்ட சாகித்திய அகாதமி, தான் ஏற்கும் மொழிகளில் ஆங்கிலத்தையும் சேர்த்தது. 1960-இல் நாராயணின் ‘தி கைடு’ ஆங்கிலத்துக்கான முதல் அகாதமி விருதைப் பெற்றது. மறுபுறம், 1965-இல் தமிழ்நாட்டில் மூண்ட இந்தி எதிர்ப்புப் போராட்டமும் அதைத் தொடர்ந்த 1967-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தமும் ஆங்கிலம் ஒன்றிய அரசின் பயன்பாட்டில் நீடிப்பதை உறுதிசெய்தன. ஆங்கிலம் இந்திய மொழியாக நிலைத்ததில் தமிழ் மக்களின் அரசியலுக்கும் நேரடிப் பங்கு உண்டு.

விவாதத்தின் சூடு அதிகம் பட்டது கவிதையில்தான். இந்தியர்கள் ஆங்கிலத்தில் கவிதை எழுதுவது எங்கும் போய்ச் சேராத முட்டுச்சந்து என்ற பொருளில் வங்காளக் கவிஞர் புத்ததேவ போஸ் அறுபதுகளின் தொடக்கத்தில் எழுதினார். கல்கத்தாவில் 1958-இல் ‘ரைட்டர்ஸ் வொர்க்‌ஷாப்’ பதிப்பகத்தைத் தொடங்கியிருந்த பி. லால், கவிஞர்களிடமே கேள்விகளை அனுப்பிப் பதில் திரட்டி, 1969-இல் பெருந்தொகுப்பாக வெளியிட்டார். கைத்தறிச் சேலைத் துணியால் கட்டப்பட்ட அப்பதிப்பகத்தின் நூல்கள், லண்டன் பதிப்பாளரின் ஒப்புதலுக்குக் காத்திராமல் இந்தியர் இந்தியருக்காக ஆங்கிலத்தில் வெளியிட முடியும் என்று நிறுவின.

போஸுக்கு உண்மையான பதிலைக் கவிதைகளே சொல்லின. நிஸிம் எசக்கியேல் 1952 முதல் பம்பாய் நகர வாழ்வை அலங்காரமின்றிப் பேசினார். கமலா தாஸ் 1965-இல் வெளியான ‘சம்மர் இன் கல்கத்தா’ தொகுப்பில், எந்த மொழியில் எழுதுவது என்று தனக்கு யாரும் ஆணையிட முடியாது என்று பெண்ணின் உடலையும் சினத்தையும் முன்வைத்துச் சொன்னார். மலையாளத்தில் மாதவிக்குட்டியாகச் சிறுகதைகளும் எழுதினார். அருண் கொலாட்கர் மராத்தியிலும் ஆங்கிலத்திலும் சமமாக எழுதியவர். 1976-இல் கவிஞர்கள் சிலர் சேர்ந்து நடத்திய சிறு பதிப்பகத்திலிருந்து வந்த அவருடைய ‘ஜெஜூரி’, கண்டோபா கோயில் ஊரை நம்பிக்கைக்கும் ஐயத்துக்கும் நடுவில் நின்று பார்க்கிறது.

ஏ. கே. ராமானுஜன் நமக்கு மிக நெருக்கமானவர். தமிழ் வீட்டுமொழி, கன்னடம் ஊர்மொழி, ஆங்கிலம் கல்விமொழி என வளர்ந்தவர். 1962-இல் சிகாகோ பல்கலைக்கழக நூலகத்தின் அடித்தளத்தில் உ. வே. சாமிநாதையரின் குறுந்தொகைப் பதிப்பு அவர் கண்ணில் பட்டது. 1967-இல் வந்த ‘தி இன்டீரியர் லேண்ட்ஸ்கேப்’ மொழிபெயர்ப்பு, சங்கக் கவிதையை உலகின் பேரிலக்கியங்களின் வரிசையில் வைத்தது. அதோடு நிற்கவில்லை. உரிப்பொருளைச் சொல்லாமல் கருப்பொருளால் உணர்த்தும் அகத்திணை மரபின் சிக்கனம் அவருடைய சொந்த ஆங்கிலக் கவிதைகளிலும் படிந்தது. ஆர். பார்த்தசாரதியும் ஆங்கிலத்தில் தம் வேரற்ற நிலையைப் பாடி, பின்பு சிலப்பதிகாரத்தை மொழிபெயர்த்து 1993-இல் வெளியிட்டார். ஆங்கிலக் கவிஞர்களில் வலுவானவர்கள் பலரும் இந்திய மொழி ஒன்றோடு உயிருள்ள உறவு கொண்டவர்களாக இருந்தார்கள். இதை ஒரு விதி என்று சொல்ல மாட்டேன். ஆனால் புறக்கணிக்க முடியாத அளவுக்குச் சான்று இருக்கிறது.

நாவலில் அனிதா தேசாய், 1963-இல் வந்த ‘க்ரை, தி பீகாக்’ முதல் பெண்களின் அகவுலகத்தைக் களமாக்கினார். கமலா மார்க்கண்டேயா, நயன்தாரா சகல், சசி தேஷ்பாண்டே ஆகியோர் உழவர் குடும்பம், அரசியல், நடுத்தர வர்க்க மணவாழ்வு என்று தத்தம் பாதையில் சென்றார்கள்.

1981-உம் அதன் பின்விளைவுகளும்

சல்மான் ருஷ்தியின் ‘மிட்நைட்ஸ் சில்ட்ரன்’ 1981-இல் புக்கர் பரிசு பெற்றது. விடுதலை கிடைத்த நள்ளிரவில் பிறந்த குழந்தையின் வழியாக ஒரு நாட்டின் வரலாற்றைச் சொன்ன அந்நாவல், பம்பாய்த் தெருக்களில் இந்தி, உருது கலந்து பேசப்படும் ஆங்கிலத்தை இலக்கிய மொழியாக்கியது. அடிக்குறிப்பும் சொல்விளக்கமும் இல்லாமல் இந்தியச் சொற்களை எழுதலாம் என்ற துணிவு அதிலிருந்து பலருக்கும் வந்தது.

அந்தத் துணிவுக்கு இணையாகச் சந்தையும் மாறியது. 1985-இல் பெங்குவின் நிறுவனம் இந்தியக் கிளையைத் தொடங்கி, 1987 முதல் நூல்களை வெளியிட்டது. ஆங்கிலவழிப் பள்ளிகளில் படித்து வளர்ந்த ஒரு நடுத்தர வர்க்கம் வாசகராக உருவாகியிருந்தது. அமிதாவ் கோஷின் ‘தி ஷேடோ லைன்ஸ்’, உபமன்யு சாட்டர்ஜியின் ‘இங்கிலீஷ், ஆகஸ்ட்’ இரண்டும் 1988-இல் வந்தன. மாவட்ட நிர்வாகத்தில் சிக்கிய நகர இளைஞனைப் பற்றிய சாட்டர்ஜியின் நாவல் எந்த வெளிநாட்டவருக்கும் எதையும் விளக்க நிற்கவில்லை. தீன் முகமதுவின் ஐரோப்பிய நண்பர் அங்கே இல்லை. விக்ரம் சேத், ரோஹின்டன் மிஸ்திரி, 1997-இல் ‘தி காட் ஆஃப் ஸ்மால் திங்ஸ்’ மூலம் புக்கர் பெற்ற அருந்ததி ராய், 2006-இல் கிரண் தேசாய், 2008-இல் அரவிந்த் அடிகா என்று வரிசை நீண்டது. அமிதாவ் கோஷ் ‘சீ ஆஃப் பாப்பீஸ்’ நாவலில் கப்பல் தொழிலாளரின் கலப்பு மொழியையும் போஜ்புரியையும் ஆராய்ந்து எழுதினார். 2018-ஆம் ஆண்டுக்கான ஞானபீட விருது முதன்முறையாக ஓர் ஆங்கில எழுத்தாளராக அவருக்குக் கிடைத்தது. 2004-இல் தொடங்கி சேத்தன் பகத், நூறு ரூபாய்க்கும் குறைந்த விலையில், எளிய ஆங்கிலத்தில் எழுதிச் சிறு நகரங்களிலும் வாசகரைக் கண்டார். அவருடைய இலக்கியத் தகுதி எப்படியிருந்தாலும், இந்தியாவில் மட்டுமே வாழும் வாசகரை நம்பி ஆங்கில எழுத்து பிழைக்கும் என்பதை அது உறுதிப்படுத்தியது.

இந்த எழுச்சிக்கு நடுவே பெரும் சர்ச்சை ஒன்று வந்தது. 1997-இல் விடுதலையின் ஐம்பதாண்டை ஒட்டி வெளிவந்த தொகுப்பின் முன்னுரையில், 1947-க்குப் பின் இந்தியர்கள் ஆங்கிலத்தில் எழுதிய உரைநடை, மற்ற இந்திய மொழிகளில் அக்காலத்தில் எழுதப்பட்டதைவிட வலிமையானது என்ற கருத்தை ருஷ்தி முன்வைத்தார். தொகுப்பில் இருந்த ஒரே மொழிபெயர்ப்பு மண்டோவின் ஒரு கதை. புதுமைப்பித்தனின் மரபில் வந்த தமிழ்ச் சிறுகதையையோ, மலையாள, கன்னட, வங்காள நாவலையோ படித்த எவரும் இதை ஏற்க முடியாது. அம்மொழிகளைப் படிக்க இயலாத ஒருவர் அவற்றைப் பற்றித் தீர்ப்புச் சொன்னது அநீதி என்றே நான் கருதுகிறேன். அமித் சௌதுரி 2001-இல் மொழிபெயர்ப்புகளுக்குச் சம இடம் தந்து வேறொரு தொகுப்பை வெளியிட்டது அதற்குத் தக்க மறுமொழி.

விமர்சகர் மீனாட்சி முகர்ஜி இந்தச் சிக்கலின் வேரை முன்பே காட்டியிருந்தார். கன்னடத்திலோ மராத்தியிலோ எழுதுபவர் தாம் இந்தியர் என்று நிரூபிக்க வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு அந்தப் பதற்றம் இருக்கிறது என்றார் அவர். ஒரு கிராமத்தையோ தெருவையோ எழுத வேண்டியவர் முழு நாட்டையும் எழுதப் புறப்படுவதும், மாம்பழமும் மழைக்காலமும் புராணமும் தேவைக்கு மேல் நிறைவதும் இதனால்தான். லண்டன், நியூயார்க் பதிப்பாளர் தரும் முன்பணமும் பரிசும் பெரிதாக இருக்கும்வரை இந்தப் பதற்றம் முற்றிலும் தீராது.

விடுபட்டவர்களின் வருகை

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் குறித்தவர்கள் சுமார் 2.6 லட்சம் பேர். இரண்டாம், மூன்றாம் மொழியாக அறிந்தவர்களையும் சேர்த்தால் சுமார் 13 கோடி. இந்தப் பெருந்தொகையிலும் எழுதும் வாய்ப்பு நெடுங்காலம் உயர்சாதி, உயர் நடுத்தர வர்க்கத்துக்கே கிடைத்தது. இந்த இலக்கியத்தின் மிகப்பெரிய குறை இதுதான்.

அந்தக் குறையைச் சரிசெய்ய முதலில் வரலாற்றையே திருத்த வேண்டும். அம்பேத்கர் தம் முதன்மையான நூல்களை ஆங்கிலத்தில் எழுதினார். லாகூர் மாநாட்டில் பேச மறுக்கப்பட்ட உரையை 1936-இல் தாமே அச்சிட்டு வெளியிட்ட ‘அனிஹிலேஷன் ஆஃப் காஸ்ட்’, தருக்கத்தின் உறுதியும் அறச்சீற்றமும் கொண்ட மாபெரும் உரைநடை. நேருவின் தன்வரலாற்றை இலக்கியம் என்று கற்பிக்கும் பாடத்திட்டங்கள் அம்பேத்கரை அரசியல் துறைக்கு மட்டும் அனுப்பிவைப்பது நியாயமாகாது.

மீனா கந்தசாமியின் ‘தி ஜிப்ஸி காடெஸ்’ 2014-இல் வெளிவந்தது. 1968-இல் 44 தலித்துகள் உயிரோடு எரிக்கப்பட்ட கீழ்வெண்மணியைப் பற்றியது. அத்தகைய கொடுமையை அழகான கதையாக்குவது சரியா என்று நாவல் தன்னையே கேட்டுக்கொள்கிறது. சந்தால் எழுத்தாளர் ஹன்ஸ்தா சௌவேந்திர சேகரின் ‘தி ஆதிவாசி வில் நாட் டான்ஸ்’ 2015-இல் வெளிவந்து, 2017-இல் ஜார்க்கண்ட் அரசால் தடைசெய்யப்பட்டது.

வடகிழக்கில் ஆங்கிலத்தின் நிலையே வேறு. பல மொழிகள் பேசும் நாகாலாந்துக்கு ஆங்கிலம் ஆட்சிமொழி. வாய்மொழிக் கதைகளை எழுத்துக்குக் கொண்டுவரும் கருவியாக அது அங்கே இயங்குகிறது. ஈஸ்டரின் கிரே, தெம்சுலா ஆவ், அருணாசலத்தின் மமாங் தாய் ஆகியோர் பாட்டிமார் சொன்ன கதைகளையும் ஆயுதப்படைகளின் நிழலில் கழிந்த வாழ்வையும் எழுதியிருக்கிறார்கள். இவர்களைப் பார்த்து ஏன் ஆங்கிலத்தில் எழுதுகிறீர்கள் என்று கேட்பது பொருளற்றது.

மொழிபெயர்ப்பின் காலம்

இப்போது நடக்கும் மாற்றம் எல்லாவற்றிலும் பெரியது. தொண்ணூறுகளில் சென்னையிலிருந்து மினி கிருஷ்ணன் பதிப்பாசிரியராக இருந்து, மேக்மில்லன் நிறுவனத்துக்காக இந்திய மொழி நாவல்களின் மொழிபெயர்ப்பு வரிசையை நடத்தினார். லட்சுமி ஹோம்ஸ்ட்ராம் ஆங்கிலமாக்கிய பாமாவின் ‘கருக்கு’ 2000-இல் வந்தது. பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ அனிருத்தன் வாசுதேவன் மொழிபெயர்ப்பில் 2013-இல் வந்தது. 2022-இல் கீதாஞ்சலி ஸ்ரீயின் இந்தி நாவலும் 2025-இல் பானு முஷ்தாக்கின் கன்னடக் கதைகளும் சர்வதேச புக்கர் பரிசு பெற்றன. 2018-இல் தொடங்கிய ஜேசிபி பரிசு, முதல் ஏழு ஆண்டுகளில் ஐந்து முறை மொழிபெயர்ப்புகளுக்கே சென்றது. 2023-இல் அதைப் பெற்றது, ஜனனி கண்ணன் மொழிபெயர்த்த பெருமாள்முருகனின் ‘ஆளண்டாப் பட்சி’.

1997-இல் ருஷ்தி சொன்னதற்கு இதைவிட உறுதியான மறுப்பு வேண்டியதில்லை. இன்று ஆங்கிலத்தில் வாசிக்கப்படும் இந்திய இலக்கியத்தில் எது ஆங்கிலத்திலேயே எழுதப்பட்டது, எது பெயர்க்கப்பட்டது என்று இளம் வாசகர்கள் வேறுபடுத்திப் பார்ப்பதில்லை. மலையாளியும் வங்காளியும் தமிழ்க் கதையைப் பெரும்பாலும் இதன் வழியாகவே படிக்கிறார்கள். உள்நாட்டு மொழிகள் ஒன்றையொன்று சந்திக்கும் இடமாக ஆங்கிலம் மாறியிருக்கிறது. தமிழிலிருந்து கன்னடத்துக்கும் தெலுங்கிலிருந்து தமிழுக்கும் நேரடியாக மொழிபெயர்ப்பவர்கள் இதனால் குறைந்துவிடக் கூடாது என்ற கவலையும் நியாயமானதே.

இருநூறு ஆண்டுகளை ஒருசேரப் பார்க்கும்போது எனக்கு ஒன்று உறுதியாகத் தெரிகிறது. இந்திய ஆங்கில இலக்கியம் அயலாருக்கு நம்மை விளக்க முனைந்தபோது மெலிந்தது. பக்கத்து வீட்டு மொழிகளுக்குச் செவிகொடுத்தபோது வலுப்பெற்றது. ஆகவே தமிழ் விமர்சனம் அதை அந்நியம் என்று தள்ளவும் வேண்டாம், புக்கர் பரிசைப் பார்த்து வியந்து நிற்கவும் வேண்டாம். ஒரு தமிழ் நாவலை எந்த அளவுகோலால் அளக்கிறோமோ அதே அளவுகோலால் இதையும் அளக்க வேண்டும். நம் கல்லூரிகளின் ஆங்கிலத் துறைகள் கிருபாபாயையும் மாதவையாவையும் அம்பேத்கரையும் பாடமாக்க வேண்டும். தமிழ்த் துறைகள் ராமானுஜனின் சங்க மொழிபெயர்ப்புகளை மூலத்தோடு வைத்துப் படிக்க வேண்டும். ஒரே கட்டடத்தில் இயங்கும் அந்த இரு துறைகளும் ஒரு பருவம் சேர்ந்து பாடம் நடத்தினால், மாதவையா தனியொருவராகச் செய்ததை நம் மாணவர்கள் ஒரு தலைமுறையாகவே செய்து முடிப்பார்கள்.